நனையாத கை

எல்வுட்டின் முதல் மனைவி வெர்னாவும் இரண்டாம் மனைவி கோரினும் ஒரே படகில் ஏறி வாத்துச் சுடப் போயிருக்கிறார்கள் என்ற செய்தி, அவர்கள் கரை திரும்பும் முன்பே ஊரின் ஒரே பெட்ரோல் பங்குக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது. "ரெண்டு பேர் கையிலயும் துப்பாக்கி இருக்கா?" என்று அங்கே காபி குடித்துக்கொண்டிருந்த ஒருவர் கேட்டாராம். "திரும்பி வர்றப்ப எத்தனை பேருன்னு பாத்துக்கலாம்" என்றாராம் இன்னொருவர்.

கேட்டிருந்தால் வெர்னாவே சிரித்திருப்பாள். அன்று காலை படகுத்துறைப் பலகையில் கால் வைத்தபோது அவளுக்கும் ஏறக்குறைய அந்த நினைப்புதான்.

போன் வந்தது வியாழக்கிழமை. பள்ளிக்கூட பஸ்ஸைக் கொட்டகையில் விட்டுவிட்டு வீட்டுக்கு வந்து, அவள் பூட்ஸைக்கூடக் கழற்றியிருக்கவில்லை.

"மிஸ் வெர்னா, நான் கோரின் பேசறேன்."

"தெரியுது."

"சனிக்கிழமையோட சீசன் முடியுது. இந்த வருஷம் ஒரு நாள்கூடப் போகல. பொய்வாத்தெல்லாம் குடில்லயே கெடக்கு. நாய் பார்லி வாசல்லயே உக்காந்து ஓடையப் பாத்து அழுவுது. ஒரே ஒரு தடவை போயிட்டு வரலாம்னு பாக்கறேன். படகுக்கு ரெண்டு பேர் வேணும். அவருதான் சொன்னாரு, வெர்னாவக் கூட்டிக்கிட்டுப் போன்னு."

"அந்த ஆளுக்குப் பேச்சு வருதா?"

"ஒவ்வொரு சொல்லா வரும்."

"என் பேரு மட்டும் முழுசா வந்துச்சாக்கும்."

"முடியாது" என்று சொல்லி வெர்னா போனை வைத்தாள்.

அக்டோபரில் எல்வுட்டைப் பக்கவாதம் சாய்த்தது அவளுக்குத் தெரியும். ஊரே தட்டில் ரொட்டியும் கிண்ணத்தில் சிப்பிச் சூப்புமாக அந்த வீட்டுக்குப் போய் வந்தது. அவள் மட்டும் போகவில்லை. யாரும் அவளிடம் ஏன் என்று கேட்கவுமில்லை. பத்தொன்பது வருடம் அவளோடு குடும்பம் நடத்தி, பிறகு ஒரு நாள் டவுனில் பல் சுத்தம் செய்துகொள்ளப் போன இடத்தில் வேலை பார்த்த கோரினோடு போய்விட்டவன் அவன். அதையெல்லாம் அவள் செரித்துவிட்டாள். அவள் தொண்டையில் நின்றது ஓடை. குளிர்காலத்தில் விடியும் முன் அந்தக் கோரைக்கு நடுவே, மறைந்திருந்து சுடும் குடிலில் உட்கார்ந்து, இருட்டில் சிறகடிப்பு மட்டும் தலைக்கு மேல் போவதைக் கேட்பது. புருஷன் போனதும் படகு போயிற்று, குடில் போயிற்று, அதுவும் போயிற்று.

அலமாரியைத் திறந்தாள். துப்பாக்கி கோட்டுகளுக்குப் பின்னால் சுவரோடு ஒட்டி நின்றது. எடுத்து எண்ணெய் போட்டுத் துடைத்தாள். துடைத்து முடித்த பிறகு போனை எடுத்தாள்.

"எத்தனை மணிக்கு?" என்று மட்டும் கேட்டாள்.

சனிக்கிழமை வாடைக்காற்று பிடித்துக்கொண்டது. செசபீக் விரிகுடாவில் வடமேற்குக் காற்று வீசினால் சதுப்பு ஓடைகளில் தண்ணீரை வழித்துக்கொண்டு போய்விடும். அது இரண்டு பேருக்கும் தெரியும். உப்புத் தண்ணீர்கூட ஓரத்தில் கோரைத் தண்டுகளைச் சுற்றிக் கண்ணாடி வளையல் மாதிரி உறைந்திருந்தது. பார்லி படகின் முன்பக்கம் ஏறி நின்றுகொண்டு, இதற்கு மேல் என்ன தாமதம் என்பது போல இருவரையும் மாறி மாறிப் பார்த்தது. செம்பட்டை நிறத்தில், சுருட்டை முடியோடு, குளிர் என்றால் என்னவென்றே தெரியாத நாய் அது.

கோரின் மோட்டாரை ஓட்டினாள். நன்றாகவே ஓட்டினாள் என்று வெர்னா மனசுக்குள் ஒப்புக்கொள்ள வேண்டியிருந்தது. குடில் ஓடையின் வாயில், கம்பங்களின் மேல், கோரை வேய்ந்து நின்றது. அதன் அடியில் வலைச் சாக்கில் பொய்வாத்துகள் கிடந்தன. மரத்தில் செதுக்கியவை, ஒவ்வொன்றின் வயிற்றிலிருந்தும் ஒரு கயிறு, கயிற்றின் நுனியில் ஈயக் குண்டு. ஓடையில் அவற்றை மிதக்கவிட்டால் மேலே பறக்கும் வாத்துகள் கூட்டம் என்று நம்பி இறங்கும்.

சாக்கை அவிழ்த்ததும் இருவரும் ஒரு கணம் சும்மா நின்றார்கள். இரண்டு பேருமே நல்ல குறிகாரிகள். ஆனால் பொய்வாத்தைத் தண்ணீரில் விடுவதும் எடுப்பதும் எப்போதும் எல்வுட்டின் வேலையாகவே இருந்தது. வெர்னாவின் காலத்திலும் சரி, கோரினின் காலத்திலும் சரி.

"உங்க கிளவுஸ் கம்பளியா?" என்றாள் கோரின்.

"ஆமா. ஏன்?"

"நனைஞ்சிரும். என்னோடது தண்ணி எறங்காத ரப்பர். உள்ள குலுக்கினா சூடாகற பொட்டலம் வேற வெச்சிருக்கேன்."

"கடைக்காரன் சொன்னானா?"

"டப்பாலயே எழுதியிருக்கு."

"அப்ப சரி. நான் கெழங்கு கொண்டாந்திருக்கேன்" என்று வெர்னா கோட்டுப் பையைத் தட்டிக் காட்டினாள். இரண்டு பையிலும் சுட்ட சர்க்கரைவள்ளிக் கிழங்கு, துணியில் சுற்றிச் சூடாக இருந்தது. "கையும் காயும், பசிச்சா தின்னுக்கலாம். உன் பொட்டலத்தத் திங்க முடியுமா?"

கயிறுகள் ஒன்றோடொன்று பின்னிக் கிடந்தன. படகு ஓரத்தில் குனிந்து, தண்ணீருக்குள் கைவிட்டு, சிக்கெடுத்து, குண்டை இறக்கி, அடுத்ததை எடுத்து என்று போய்க்கொண்டே இருந்தது. வெர்னாவின் கம்பளி முதல் வாத்திலேயே ஊறிப்போனது. கோரினின் ரப்பர் கையுறை ஓட்டையில்லாமல்தான் இருந்தது. ஆனால் ஒரு குண்டு நழுவியபோது முழங்கை வரை கையை விட்டுவிட்டாள். தண்ணீர் மேல்வழியாக உள்ளே போய், போன இடத்திலேயே தங்கிவிட்டது. சூடாகும் பொட்டலம் ஈர மாவு உருண்டையாகி விரலிடுக்கில் ஒட்டியது.

குடிலில் ஏறி உட்கார்ந்தபோது விடிந்துகொண்டிருந்தது. இருவரும் ஈரக் கையுறையைக் கழற்றவில்லை. கழற்றினால் இன்னும் குளிரும் என்று ஒருத்தி நினைத்தாள்; முதலில் கழற்றுவது தோற்பது என்று இன்னொருத்தி நினைத்தாள்.

வாத்துகள் நேரத்துக்கு வந்தன. கருவாத்துகள், ஒரு சிறு கூட்டம். கோரையை உரசுகிற மாதிரி தாழ்ந்து ஒரு சுற்று சுற்றி, சிறகை வளைத்து, காலை நீட்டி, பொய்வாத்துகளுக்கு நடுவிலேயே வந்து இறங்கின. கல்லெறி தூரம்கூட இல்லை.

வெர்னா துப்பாக்கியைத் தோளுக்குக் கொண்டுபோனாள். தவறி வெடிக்காமல் காக்கும் பூட்டுத் தடையைத் தள்ளக் கட்டைவிரலைக் கொடுத்தாள். கட்டைவிரல் போனதா இல்லையா என்றே தெரியவில்லை. குனிந்து பார்த்தாள். விரல் தடையின் மேல்தான் இருந்தது. தள்ளச் சொன்னால் தள்ளவில்லை. பக்கத்தில் கோரின் கையுறையைப் பல்லால் கடித்து இழுத்துக்கொண்டிருந்தாள். வாத்துகள் நிதானமாக நீந்தி, அசையாத தங்கள் சொந்தக்காரர்களைப் பார்த்து, ஏதோ சரியில்லை என்று முடிவு செய்து, ஒன்றாகக் கிளம்பிப் போயின.

பார்லி இருவரையும் திரும்பிப் பார்த்தது. அந்தப் பார்வையை வெர்னா வெகுநாள் மறக்கவில்லை.

"மூதேவிங்களப் பாக்கற மாதிரி பாக்குது பாரு" என்றாள்.

கோரின் வாயில் கையுறையோடு சிரித்துவிட்டாள். சிரிப்பில் கையுறை கீழே விழுந்தது. அதிலிருந்து ஒரு கரண்டித் தண்ணீர் பலகையில் கொட்டியது.

வெர்னா அந்தத் தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தாள். எல்வுட் இதை எப்படிச் செய்வான் என்று யோசித்தாள். இத்தனை வருடத்தில் அவள் யோசித்ததில்லை. பொய்வாத்தைத் தொடுவதற்கு முன் கையுறையைக் கழற்றித் தொப்பிக்குள் வைத்துத் தலையில் போட்டுக்கொள்வான். வெறுங்கையை ஐஸ் தண்ணீரில் விடுவான். "குளிரலையா?" என்று அவள் கேட்டால் பல்லைக் காட்டுவான். வேலை முடிந்ததும் ஒரு பழைய துண்டால் விரல் விரலாகத் துடைப்பான். பிறகுதான் கையுறை.

"அவன் கையத்தான் நனைப்பான். கிளவுஸ நனைக்க மாட்டான்" என்றாள் மெதுவாக. "கை தொடச்சா காஞ்சிரும். கிளவுஸ் நனைஞ்சா அன்னைக்குப் பூரா ஈரந்தான்."

கோரின் நிமிர்ந்தாள். "தொப்பிக்குள்ள வெப்பாரு."

"ஆமா."

"நான் அத வீரம் காட்டறாருன்னு நெனச்சேன். எங்கிட்ட."

"நானும் அப்படித்தான் நெனச்சேன். எங்கிட்டன்னு."

கோரின் சாப்பாட்டைச் சுற்றிக் கொண்டுவந்திருந்த சமையலறைத் துண்டை உருவினாள். முதலில் வெர்னாவிடம் நீட்டினாள். இருவரும் துடைத்துக்கொண்டார்கள். வெர்னா ஒரு பையிலிருந்த கிழங்கை எடுத்துக் கோரினின் மடியில் வைத்தாள். இரண்டு பெண்களும் கிழங்கைக் கைக்குள் பொத்திக்கொண்டு, கும்பிடுகிற மாதிரி உட்கார்ந்திருந்தார்கள். விரல்களுக்குள் முதலில் ஊசி குத்தியது, பிறகு உயிர் வந்தது. கோரின் தன் சாப்பாட்டுப் பொட்டலத்திலிருந்து பன்றி இறைச்சி வைத்த ரொட்டியைப் பிட்டு ஒரு பாதியை வெர்னாவுக்குத் தந்தாள். மிளகு தூக்கலாக இருந்தது. எல்வுட்டுக்குப் பிடித்தபடி. வெர்னா அதையும் தின்றாள்.

அடுத்த கூட்டம் வந்தபோது விரல்கள் சொன்னதைக் கேட்டன. வெர்னா இரண்டு, கோரின் ஒன்று. கோரினின் குண்டு பட்டது தூரத்தில் விழுந்தது. பார்லி மார்பால் ஐஸை உடைத்துக்கொண்டு போய்க் கவ்விவந்து அவள் காலடியில் வைத்தது.

"நல்ல குறி" என்றாள் வெர்னா. சொல்லிவிட்ட பிறகுதான், சொல்லிவிட்டோம் என்று தெரிந்தது.

வெயில் ஏறியும் காற்று தணியவில்லை. குடிலின் கம்பங்களில் ஈரக் கோடு வெளியே தெரிய ஆரம்பித்தது. தண்ணீர் இறங்கிக்கொண்டிருந்தது. இன்னும் தாமதித்தால் ஓடை வாயில் சேறுதான் இருக்கும்.

"கெளம்பணும்" என்றாள் கோரின். கையுறை இல்லாத கையால் சாக்கை எடுத்துக்கொண்டு படகில் இறங்கினாள். "நானே எடுக்கறேன். நீங்க துடுப்பப் பிடிங்க."

"நீ மோட்டார்கிட்ட போ. எடுக்கறது நான்."

"மிஸ் வெர்னா..."

"ரெண்டு பேரும் நனைச்சுக்கிட்டா மோட்டார யாரு இழுக்கறது? ஒருத்தி கையாவது காஞ்சிருக்கணும். திங்கக்கெழம நீ அடுத்தவங்க வாய்க்குள்ள கை வெக்கணும். நான் ஸ்டியரிங்தான பிடிக்கப் போறேன்."

கோரின் துண்டை மடித்து வெர்னாவின் தொப்பிக்குள் வைத்து அவள் தலையில் மாட்டிவிட்டாள். பின்னால் போய் உட்கார்ந்தாள்.

முதல் சில பொய்வாத்துகள் எளிதாக வந்தன. வெர்னா ஒவ்வொன்றாகத் தூக்கி, கயிற்றை அதன் உடம்பிலேயே சுற்றி, சாக்கில் போட்டாள். கயிறு கைக்கு வரும்போதே உறைந்து கம்பியாகி இருந்தது. பாதிக்கு மேல் வலி நின்றுவிட்டது. வலி நின்றது நல்லதல்ல என்று அவளுக்குத் தெரியும். ஆனால் கண்ணுக்கெதிரே ஓடை வற்றிக்கொண்டிருந்தது.

கடைசிப் பொய்வாத்தைக் காற்று படகுக்குப் பின்னால் தள்ளியது. அதன் கயிறு மோட்டார் விசிறியில் சுற்றிக்கொண்டது. மோட்டார் ஒரு இருமல் இருமி நின்றது. கோரின் மோட்டாரைச் சாய்த்துத் தூக்கிப் பிடித்துக்கொள்ள, வெர்னா பின்பக்கம் போய்க் குப்புறப் படுத்து, கத்தியை எடுத்து அறுக்கப் பார்த்தாள். கத்தி கையில் இருக்கிறது என்றுதான் நினைத்தாள். அது தண்ணீரில் விழுந்த சத்தம் கேட்டபோதுதான் இல்லை என்று தெரிந்தது.

பிறகு விரல்களைக் கண்ணால் பார்த்தே ஓட்டினாள். இந்த விரல் இங்கே, அந்த விரல் அங்கே, இப்போது இழு. யாரோ கடன் கொடுத்த விரல்கள் மாதிரி இருந்தன. சுற்று சுற்றாகக் கயிறு அவிழ்ந்தது. கடைசிச் சுற்று வந்ததும் வாத்தைத் தூக்கி உள்ளே எறிந்துவிட்டு எழுந்து உட்கார்ந்தாள்.

கோரின் அந்தக் கைகளைப் பார்த்தாள். நடுக்கணு வரை விரல்கள் மெழுகுவர்த்தி மாதிரி வெளுத்திருந்தன.

"மோட்டாரப் போடு" என்றாள் வெர்னா. நாக்குக்கூடத் தடித்திருந்தது. "தண்ணி போயிட்டிருக்கு."

கோரின் மோட்டாரைப் பார்த்தாள். ஓடையைப் பார்த்தாள். ஐந்தாறு இழுப்பில் மோட்டார் பிடித்தால் தப்பிவிடலாம். பிறகு துறை வரை அந்தக் காற்றில் இந்தக் கைகளோடு போக வேண்டும்.

"போகட்டும்" என்றாள்.

தொப்பியிலிருந்து துண்டை எடுத்து வெர்னாவின் கைகளை ஒற்றி ஒற்றித் துடைத்தாள். தேய்க்கவில்லை. தன் கோட்டின் பொத்தானை அவிழ்த்தாள், உள்ளே கம்பளிச் சட்டையை இழுத்துத் தளர்த்தினாள். வெர்னாவின் இரண்டு கைகளையும் பிடித்துத் தன் இரண்டு அக்குளுக்குள்ளும் வைத்து இறுக்கிக்கொண்டாள்.

"யப்பா" என்றாள் பல்லைக் கடித்துக்கொண்டு. "பனிக்கட்டிய வெச்ச மாதிரி இருக்கு."

"விடு, விடு. கிறுக்கா உனக்கு? படகு தரை தட்டப் போவுது."

படகு தட்டியது. மெதுவாக, ஒரு பெருமூச்சு போல, அடிப்பாகம் சேற்றில் உட்கார்ந்தது. மோட்டாரைப் போட்டிருந்தாலும் இனிமேல் பிரயோஜனமில்லை. கோரினின் போனில் சிக்னல் இல்லை. அந்தச் சதுப்பில் எப்போதும் இருந்ததில்லை. காற்று விழுந்து தண்ணீர் திரும்பும் வரை இருக்க வேண்டியதுதான்.

இரண்டு பேரும் மார்போடு மார்பாக, முகத்தை எங்கே வைப்பது என்று தெரியாமல் உட்கார்ந்திருந்தார்கள். வெர்னாவின் மூக்குக்கு நேராகக் கோரினின் காது இருந்தது. பல் டாக்டர் அறையின் கிராம்பு வாசனை இன்னும் அந்தத் தலைமுடியில் இருப்பதாக வெர்னாவுக்குத் தோன்றியது. பன்னிரண்டு வருடம் இந்த உடம்பை அவள் மனசுக்குள் எத்தனையோ விதமாகத் திட்டியிருக்கிறாள். இவ்வளவு சூடாக இருக்கும் என்று நினைத்ததில்லை.

பிறகு உணர்வு திரும்பியது. விரல்களைச் சுத்தியலால் நசுக்குகிற மாதிரி வலித்தது. வெர்னா அழுதாள். வெட்கமில்லாமல், சத்தம் வராமல், கண்ணீர் மட்டும் ஓடியது.

"வலிச்சா நல்லது" என்றாள் கோரின்.

"உன் வாய மூடு."

கோரின் மூடவில்லை. வெர்னாவின் தோளுக்கு மேல் எங்கோ பார்த்தபடி சொன்னாள்: "மிஸ் வெர்னா, நான் வாத்துக்காக உங்களக் கூப்பிடல."

"தெரியும். பொய்வாத்துக்காக."

"அதுக்கும் இல்ல. அவரும் சொல்லல. நானா சொன்னது." அவள் குரல் தட்டையாக இருந்தது. "எனக்கு முடியல. அவருக்கு ஒரு கை செத்துப் போச்சு. ராத்திரி தூக்கத்துல எம்மேல வந்து விழும். சில்லுன்னு, மீன் மாதிரி. அது விழுந்ததுகூட அவருக்குத் தெரியாது. நான் எடுத்துப் போர்வைக்குள்ள வெப்பேன். மறுபடி விழும். காலைல குளிப்பாட்டி, சட்டை மாட்டி, வேலைக்குப் போயி, வந்து சோறு ஊட்டி... சில நாள் வேலை முடிஞ்சு வந்து வாசல்ல கார நிறுத்திட்டு உள்ளயே உக்காந்திருப்பேன். உள்ள போக மனசு வராது. யார்கிட்டயும் கேக்க முடியல. எல்லாரும் சூப் கொண்டு வர்றாங்க. சூப் வேணாம் எனக்கு. வாரத்துல ஒரு நாள் யாராவது அவர்கூட இருந்தாப் போதும்."

"அதுக்கு நானா?"

"அவரத் தெரிஞ்சவங்க வேற யாரு?"

வெர்னாவுக்குக் கோபம் மண்டைக்கு ஏறியது. கைகளை வெடுக்கென்று உருவினாள். "என் புருஷன வாங்கிக்கிட்டுப் போனப்ப நல்லாத்தான இருந்தான்? ஒடஞ்சதும் திருப்பிக் கொடுக்க வந்துட்டியா?"

கோரின் கோட்டை இழுத்து மூடிக்கொண்டாள்.

காற்று வெர்னாவின் விரல்களைக் கத்தியால் சீவியது. எங்கேயாவது வைத்தாக வேண்டும். காலடியில் சுருண்டு கிடந்த பார்லியின் வயிற்றுக்குள் கையைத் திணித்தாள்.

"அது நனைஞ்ச நாய், மிஸ் வெர்னா" என்றாள் கோரின் பணிவாக.

வெர்னா கையை எடுத்தாள். மறுபடி ஈரம். கையையும் நாயையும் கோரினையும் பார்த்தாள். அவளுக்குள் எதுவோ, கோபம்தானா என்று தெரியவில்லை, குலுங்கிக்கொண்டு வந்தது. சிரிப்பாக முடிந்தது. கோரின் சிரிக்கவில்லை. துண்டை எடுத்துத் துடைத்துவிட்டு, மறுபடியும் கோட்டைத் திறந்தாள்.

"வெர்னா, இனிமே எடுக்காதீங்க. என்ன வேணா திட்டுங்க. கைய மட்டும் எடுக்காதீங்க."

வெர்னா எடுக்கவில்லை. திட்டவுமில்லை. இவள் கஷ்டப்படுகிறாள் என்று ஒரு நாள் காதால் கேட்க வேண்டும் என்று அவள் எத்தனையோ இரவு வேண்டியிருக்கிறாள். கேட்டாகிவிட்டது. அது இனிக்கவில்லை. பெரிய பசியோடு உட்கார்ந்து வாயில் போட்டுக்கொண்டது மண்ணாக இருந்த மாதிரி இருந்தது. எல்வுட் தன் கைகளைத் தண்ணீரில் விட்ட விடியற்காலையெல்லாம் அவளுக்கு நினைவு வந்தது. அவன் நல்லவனா கெட்டவனா என்ற கணக்கை அவள் எப்போதோ முடித்துவிட்டாள். அதில் இந்த விடியற்காலைகளைச் சேர்க்க மறந்திருந்தாள். சேர்த்தாலும் அவன் செய்தது மாறாது. ஆனாலும் அவை இருந்தன.

"ராத்திரி ஒரு தலகாணிய நடுவுல போடு" என்றாள் கடைசியில். "கை அதுமேல விழட்டும். நீ தூங்கணும்ல."

கோரின் தலையாட்டினாள். அவள் கன்னம் வெர்னாவின் கன்னத்தில் பட்டது. ஈரமாக இருந்தது. யாருடைய ஈரம் என்று சொல்ல முடியாது.

மத்தியானத்துக்கு மேல் காற்று விழுந்தது. சேற்றின் மேல் தண்ணீர் நாக்கு நாக்காகத் திரும்பி வந்தது. துடுப்பை ஊன்றித் தள்ளி, கோரின் மோட்டாரை இழுத்தாள். அவள் கைகள் காய்ந்திருந்தன. மூன்றாவது இழுப்பில் பிடித்துக்கொண்டது.

துறையில் இறங்கியதும் நேராக வண்டிக்குப் போய்விட வேண்டும் என்றுதான் வெர்னா நினைத்திருந்தாள். சாவியைப் பிடிக்க விரல் மடங்கவில்லை. அதனால் துறையை ஒட்டியிருந்த கோரினின் வீட்டுக்குள் போனாள்.

எல்வுட் ஜன்னல் பக்கம் நாற்காலியில் உட்கார்ந்திருந்தான். ஒரு பக்க முகம் தொங்கியிருந்தது. பெரிய ஆளாகவே அவள் மனசில் இருந்தவன், கோட்டுக்குள் சிறுத்துப் போயிருந்தான். ஜன்னல் கண்ணாடியில் அவன் மூச்சு படிந்து, துடைத்து, மறுபடி படிந்த வட்டம் இருந்தது. எவ்வளவு நேரமாகப் பார்த்துக்கொண்டிருந்தானோ.

"லேட்டு" என்றான்.

"சேத்துல மாட்டிக்கிட்டோம்."

"வாத்து... மரம்... எல்லாம்?"

"பொய்வாத்து ஒண்ணு விடாம வந்துருச்சு. மனுஷங்க ரெண்டு பேரும் வந்திருக்கோம். அதயும் கேக்கலாம்ல?"

தொங்காத பாதி முகம் சிரித்தது. பிறகு அவன் கண் அவள் கைகளுக்குப் போனது. வீங்கிச் சிவந்து, நுனியில் தோல் பளபளத்துக்கொண்டிருந்த கைகள். பார்த்துக்கொண்டே இருந்தான். அவன் வாய் ஏதோ ஒரு சொல்லைத் தேடி அசைந்தது, சொல் வரவில்லை. வெர்னா அதற்காகக் காத்திருக்காமல் சமையலறைப் பக்கம் திரும்பினாள்.

கோரின் அடுப்பு முன்னால் நின்றிருந்தாள். கோட்டைக்கூடக் கழற்றவில்லை. காபி கொதித்துப் பொங்கி வழிந்துகொண்டிருந்தது. அவள் கண்களை மூடி, நெற்றியை மேலலமாரியின் கதவில் சாய்த்து, நின்றபடியே தூங்கிவிட்டிருந்தாள்.

வெர்னா அடுப்பை அணைத்தாள்.

"புதன்கெழம வர்றேன்" என்றாள். கோரின் திடுக்கிட்டு விழித்தாள். "காலைல பிள்ளைங்கள எறக்கிவிட்டுட்டு வருவேன். மத்தியானம் மறுபடி பஸ் எடுக்கறவரைக்கும் இருப்பேன். சமைக்க மாட்டேன். குளிப்பாட்ட மாட்டேன். உனக்காகத்தான் வர்றேன், அந்த ஆளுக்காக இல்ல. தெரிஞ்சுக்க."

"தெரியுது" என்றாள் கோரின்.

புதன்கிழமை வெர்னா வந்தாள். கோரின் லீவு போட்டிருந்தாள்; டவுனுக்குப் போய் முடி வெட்டிக்கொண்டு, கடைக்குப் போய், ஒரு தோழியைப் பார்த்துவிட்டு வரப்போவதாகச் சொன்னாள். மாத்திரை எங்கே, துண்டு எங்கே என்று சொல்ல ஆரம்பித்தவளை வெர்னா கையைக் காட்டி நிறுத்தினாள். கைப்பையை எடுக்கக் கோரின் உள்ளறைக்குப் போனாள். திரும்பி வரவில்லை. வெர்னா போய் எட்டிப் பார்த்தபோது, ஷூவோடு கட்டிலில் குறுக்காகக் கிடந்து தூங்கிக்கொண்டிருந்தாள். வெர்னா ஷூவை மட்டும் கழற்றிவிட்டு, கதவைச் சாத்திவிட்டு வந்தாள்.

எல்வுட் அவளையே பார்த்துக்கொண்டிருந்தான். டிவியில் யாரோ கார் விற்றுக்கொண்டிருந்தார்கள்.

"வெர்னா" என்றான். பெயர் முழுசாகத்தான் வந்தது. "நான்... அப்போ... உன்ன..."

"வேணாம் எல்வுட். நீ அதச் சொல்லி முடிக்கறதுக்குள்ள சாயங்காலம் ஆயிரும். எனக்குப் பஸ் எடுக்கணும்."

அவன் வாயை மூடிக்கொண்டான். பாதி முகம் மறுபடி சிரித்தது. அவள் சிரிக்கவில்லை, ஆனால் முகத்தைத் திருப்பிக்கொள்ளவுமில்லை. நாற்காலியை அவன் பக்கத்தில் இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். அவனுடைய செத்த கை நாற்காலிக்கு வெளியே தொங்கிக்கொண்டிருந்தது. அதைத் தொடவில்லை.

டிவிக்காரன் குரலை உயர்த்திப் பாட்டுப் போட ஆரம்பித்தான். வெர்னா ரிமோட்டைத் தேடி எடுத்து, உள்ளறைக் கதவை ஒரு தரம் பார்த்துவிட்டு, சத்தத்தைக் குறைத்தாள்.